மாப்ளே, வரியா?

மல்யுத்தத்தைப் பொய்ச் சண்டை என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களை ஒரே ஒரு தடவை கோதாவின் பலகை மேல் தூக்கிப் போட வேண்டும். யார் ஜெயிப்பது என்பது முதலாளியின் அறையிலேயே முடிவாகிவிடும், வாஸ்தவம்தான். அதற்காக விழுகிறவன் வலிக்காமலா விழுகிறான்? பலகை மேல் ஒரு விரற்கடை மெத்தை, அதன் மேல் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு.

நரி பாதி ஆயுசை விழுந்தே கழித்தவன். அவனைத் தூக்கிப் போட்டே பேர் வாங்கியவன் மலை. இரண்டுமே கோதாவுக்காக வைத்த பேர்கள். மலை என்றால் சும்மா இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில்கூட அவன் படம்தான். வாசல்படி இடிக்கிற உயரம், பச்சைக் குழந்தை முகம். கோதாவுக்குள் வந்து இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தால் போதும், கொட்டகை அதிரும். நரிக்கு ஆட்டுத் தாடி, நெற்றியில் சிவப்புச் சாயம் போட்ட முடிக்கற்றை. நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணில் பொடி தூவுகிற அயோக்கியன். ஜனம் அவன் மேல் செருப்பை எறியும்.

“ஒத்தச் செருப்பாவே எறியறானுங்க, கஞ்சப் பசங்க. ஜோடியா எறிஞ்சா உனக்காவது உபயோகப்படும், மாப்ள” என்று உடை மாற்றும் அறையில் மலை கேலி செய்வான்.

மாப்பிள்ளை என்று அவன் வாய்க்கு ருசியாகச் சொல்லவில்லை. மலையின் ஒரே தங்கையைக் கட்டியவன் நரி. ஆனால் ஜென்மப் பகையாளிகள் ஒரே வீட்டில் சோறு தின்பது வெளியே தெரிந்தால் எவன் டிக்கெட் வாங்குவான்? முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கல்யாணமே போட்டோ இல்லாமல் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் ஒருவன் முன்வாசலிலும் ஒருவன் பின்வாசலிலும் வீட்டுக்குள் நுழைந்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாப்பிள்ளை வராமல் மலை ஒரு வாய் வைக்கமாட்டான். கடைத்தெருவில் எவளாவது நரியைச் சபித்தால் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து சபிப்பாள். “அவன் விளங்கவே மாட்டான்க்கா” என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பாள். நல்ல காலம் அது. யார் கண் பட்டதோ.

கோதாவில் கழுத்தைக் கட்டிப் பிடித்து உருளுகிறார்களே, அதெல்லாம் மூச்சு வாங்குகிற நேரம். அடுத்து என்ன செய்வது என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வதும் அப்போதுதான். மலையின் பெரிய வித்தைக்கு ஜனம் வைத்த பேர் மலைச்சரிவு. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி, தலைக்கு மேல் தூக்கி, மல்லாக்கப் போடுவது. மலை ஒரு நாளும் கேட்காமல் தூக்கியதில்லை. “மாப்ளே, வரியா?” என்பான். நரி அவன் மணிக்கட்டை இரண்டு விரலால் அழுத்தினால் சரி என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் தூக்கமாட்டான். நரிக்கு விலா பிடித்திருந்த அன்றைக்கு, தூக்கு தூக்கு என்று ஜனம் தொண்டை கிழியக் கத்தியும் மலை தூக்கவே இல்லை.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் கேட்காமலே தூக்கினான். நரி தாடையை நெஞ்சோடு சேர்ப்பதற்குள் தரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “கழுத்தெலும்பு விரிசல் விட்டிருக்கு. இன்னொரு தடவை இப்படி விழுந்தீங்க, அப்புறம் படுத்த படுக்கைதான்” என்றார். நரியின் கவலை அதுவா? மச்சான் எங்கே, ஏன் வந்து பார்க்கவில்லை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். தங்கை போய்ப் பார்த்தபோது மலை காலிக் கொட்டகையில், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தான். “ஆட்டம் எப்ப ஆரம்பம், பாப்பா?” என்று கேட்டான்.

அத்தனை வருஷம் தலையில் வாங்கிய அடி உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்கள். போன ஞாபகம் திரும்ப வராது என்றும் சொல்லிவிட்டார்கள். முதலாளி ஒரு கைகுலுக்கலோடு காரியத்தை முடித்துக்கொண்டு, மறுவாரமே அதே பேரில் வேறொருவன் படத்தைச் சுவரில் ஒட்டினார். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத மனுஷன், தங்கை வீட்டைத் தவிர எங்கே போவான்?

வந்த இடத்தில்தான் வினை. கழுத்துப் பட்டையோடு நரி ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குள் நுழைந்தானோ இல்லையோ, மலை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

“பாப்பா, உள்ள போ! நரி வந்துட்டான்!”

“அண்ணா, இவரு யாருன்னு பாருங்க. உங்க மாப்பிள்ளை!”

“மாப்ளயா? மாப்ளயை இவன்தான் என்னமோ பண்ணிட்டான். எத்தனை நாளா ஆளையே காணோம்!”

கேட்டுக்கொள்ளுங்கள் இந்தக் கொடுமையை. மாப்பிள்ளை நினைவிலிருக்கிறான். நரியும் நினைவிலிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது மட்டும் கழன்று விழுந்துவிட்டது. ஊருக்காகக் கட்டிய பொய் அப்படியே நிற்கிறது, வீட்டுக்குள் இருந்த நிஜம் போய்விட்டது.

நரி ஒரு மெக்கானிக் கடையின் பின்னறையில் போய்ப் படுத்துக்கொண்டான். சொந்த வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிற பிழைப்பு. பெண்டாட்டி அழுது அழுது ஓய்ந்து, கடைசியில் ஒரு காப்பகத்தை விசாரித்தாள். இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். பலசாலி நோயாளிகளின் கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட யாராவது வந்து வாயில் ஊற்ற வேண்டும்.

“மச்சானை இங்க விட்டுட்டு எனக்குச் சோறு இறங்குமா?” என்றான் நரி வெளியே வந்ததும்.

“அப்போ நான் உங்களையும் விட்டுட்டு, அவரையும் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்குங்க? எனக்கும் உடம்புதானே?”

நியாயமான கேள்வி. நரி நேரே சலூனுக்குப் போய் உட்கார்ந்தான். தாடியை எடு, முடியை எடு, மீசையையும் எடு என்றான். கண்ணாடியில் உரித்த கோழி மாதிரி ஒருத்தன் முழித்தான். இது எடுபட்டால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். எடுபடாவிட்டால் மச்சான் கட்டிலில் கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான்.

“அண்ணா, உங்களைப் பாத்துக்க ஒரு ஆள் வந்திருக்காரு” என்றாள் தங்கை.

மலை மேலும் கீழும் பார்த்தான். “வாங்க தம்பி. கழுத்துல என்ன பட்டை? யாரு அடிச்சது?”

“வண்டியிலேர்ந்து விழுந்துட்டேங்க.”

“பாத்து விழணும் தம்பி. விழறதுக்கும் படிக்கணும்.”

எடுபட்டுவிட்டது! நரி அவனைக் குளிப்பாட்டினான், சட்டை மாட்டினான், நகம் வெட்டினான். மலையும் தம்பி, தம்பி என்று பிரியமாகத்தான் இருந்தான். சாப்பாட்டு நேரம் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். “மாப்ள வரலியே” என்பான். எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தரும் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொள்வான். போகட்டும், வீட்டுக்குள் இருக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொள்வான். பெண்டாட்டி முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

அன்று காலை அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர் சிமென்டுத் தரையெல்லாம் ஓடிக் கிடந்தது. மலை படியில் உட்கார்ந்து வெயில் காய்ந்தான். நரி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், வழுக்கினான்.

வேறு யாராவது என்றால் கையைக் காலை உதறி எப்படியோ விழுவார்கள். நரியின் உடம்புக்கு விழத் தெரிந்தது ஒரே விதம்தான். தாடை நெஞ்சில் ஒட்டியது, முதுகு வளைந்தது, இரண்டு உள்ளங்கையும் ஒரே நேரத்தில் தரையைப் பளீரென்று அறைந்தன. கழுத்து தப்பியது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு மலை எழுந்து நின்றான். தாடியை எடுத்தார்களே ஒழிய அந்த விழுகிற விதத்தை யார் மாற்றினார்கள்? பாதி ஆயுசு எதிரே நின்று பார்த்தவன் அல்லவா மலை?

“நரி!” என்றான்.

நரி எழுந்து வாசல் பக்கம் திரும்புவதற்குள், பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொண்டன. மலைக்கு வயதாகியிருந்தது, பிடிக்கு வயதாகவில்லை.

“அண்ணா, விடுங்கண்ணா! ஐயோ, கழுத்துண்ணா!” என்று தங்கை அலறினாள்.

நரியும் கத்தத்தான் வாயைத் திறந்தான். அப்போது காதோரம் சூடாக ஒரு மூச்சுப் பட்டது.

“மாப்ளே, வரியா?”

நரி அந்த வார்த்தையைத் தன்னைப் பார்த்துச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம்! சும்மா இருந்தால் போதும். விரலை அழுத்தாவிட்டால் மலை தூக்கமாட்டான், அது நரிக்குத் தெரியும். டாக்டர் சொன்னதும் தெரியும், கீழே மெத்தை இல்லை என்பதும் தெரியும். ஆனால் அழுத்தாமல் இருந்தால், கேட்டவனுக்கு மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை என்றாகிவிடாதா? பாவி மனுஷன், இரண்டு விரலையும் அந்த மணிக்கட்டில் வைத்து அழுத்தினான்.

மலைச்சரிவு என்றால் அதுதான் மலைச்சரிவு. சிமென்டில் விழுந்த சத்தத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மலை அவன் நெஞ்சில் ஒரு காலை வைத்து, இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தான். காலை எடுக்கவில்லை. நடுவர் தரையைத் தட்டி மூன்று எண்ண வேண்டாமா? தங்கைக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. ஈரக் கையோடு மண்டியிட்டுத் தரையைத் தட்டினாள்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு… போதும்ணா, காலை எடுங்கண்ணா!”

மலை காலை எடுத்தான். தங்கையின் தலையைத் தடவினான்.

“அழாத பாப்பா. இனிமே இவன் நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டான்.”

சொல்லிவிட்டு உள்ளே போனான். ஜெயித்தவன் கண்ணை விட்டு மறையும்வரை தோற்றவன் அசையக் கூடாது என்பது தொழிலின் விதி. நரி அசையாமல் கிடந்தான்.

“போயிட்டாருங்க. எந்திரிங்க” என்றாள் அவள். “என்னங்க… எந்திரிங்களேன்.”

உள்ளே நாற்காலியை மேஜைப் பக்கம் இழுக்கிற ஓசை கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று.

“மாப்ளே! எங்க இருக்க? ஆட்டம் முடிஞ்சிருச்சு, சீக்கிரம் வா, பசிக்குது!”

நரிக்குக் காது நன்றாகக் கேட்டது. எழுந்து போகத்தான் பார்த்தான். கால் வரவில்லை.