மேக்கப் அக்காவின் தகரப் பெட்டி

தெருவில் எல்லாருக்கும் அவள் மேக்கப் அக்கா. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது தொழில். கைராசிக்காரி என்று பேர். ஆனால் அவள் வீட்டுக் குப்பைத் தொட்டியைத் திறந்தால் ஒரு கடையே உள்ளே கிடக்கும். பவுடர் டப்பா, லிப்ஸ்டிக் குழல், கிரீம் பாட்டில்.

ஒரு மழைநாளில் தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்து, சாக்கடை அடைத்துக்கொண்டது. வாசல்களில் தண்ணீர் ஏறியது. அடைப்பெடுக்க வந்த ஆள் கம்பியை விட்டு இழுத்தார். கண்ணாடி வைத்த கறுப்பு டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. எல்லாரும் அவள் வீட்டு வாசலையே பார்த்தார்கள்.

பக்கத்தில் நின்ற அவள் நாத்தனார்தான் காதோரம் சொன்னாள்: "அண்ணி, நம்ம அலமாரி அப்படியே மிதந்து வருது."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இனிமேல் டப்பா வாங்குவதில்லை, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது என்று அப்போதே முடிவு கட்டினாள்.

சொல்வது லேசு. "ரீஃபில்லா? டப்பா அழகைப் பார்த்துத்தாம்மா எல்லாரும் வாங்கறாங்க" என்று கடைக்காரர் கையை விரித்தார். எங்கெங்கோ விசாரித்து, காந்தம் வைத்த தகரப் பெட்டி ஒன்றையும் அதில் ஒட்டும் பவுடர் தட்டுகளையும் வரவழைத்தாள். தீர்ந்த பவுடர் தட்டைக் கழற்றிவிட்டு வேறு தட்டை ஒட்டவைத்தால் போதும். கிரீம் விஷயத்தில்தான் சொதப்பினாள். பழைய பாட்டிலைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் நிரப்பிவிட்டாள். நாலே நாளில் புளித்த நாற்றம் அடித்தது.

"இதைப் பூசினா மாப்பிள்ளை மண்டபத்தை விட்டே ஓடிடுவார்" என்றாள் நாத்தனார், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

அதைக் கொட்டிவிட்டுக் கண்ணாடிக் குப்பிகளுக்கு மாறினாள். வெந்நீரில் போட்டெடுத்து, கவிழ்த்துவைத்து, சொட்டு ஈரமில்லை என்று பார்த்த பிறகே நிரப்பினாள்.

அடுத்த கல்யாணத்தில் பெண்ணின் அம்மா பெட்டியைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். "என்னங்க, பழசெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீங்க? என் பொண்ணுக்குப் புதுசாத்தான் பிரிக்கணும்."

"பெட்டிதாங்க பழசு. உள்ள வைக்கறதை உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கறேன்." காகித உறையைக் கிழித்துப் புதுத் தட்டைப் பொருத்தினாள்.

"அம்மா, முகத்துல பூசப்போறது பவுடரைத்தானே, டப்பாவை இல்லையே" என்று பெண் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள்.

அலங்காரம் அருமையாக அமைந்தது. இருந்தும் அந்த அம்மா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள் என்றும் காதில் விழுந்தது. அதை நாத்தனாரிடம் சொல்லிப் புலம்பினாள்.

"எதுக்கு அண்ணி வம்பு? பழையபடி பளபளன்னு கொண்டுபோயிடுங்க."

"போறவங்க போகட்டும். நான் மாற மாட்டேன்."

மறுநாளே பக்கத்துத் தெருக்களில் உள்ள பார்லர்களில் ஏறி இறங்கினாள். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். சிலர் சிரித்து அனுப்பினார்கள். சிலர் தட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"நாங்க இனிமே ரீஃபில்தான் வாங்குவோம். நீங்க வைக்கலேன்னா வைக்கற கடைக்குப் போவோம்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு ரீஃபிலுக்கென்றே ஓர் அலமாரியை ஒழித்துக் கொடுத்தார்.

"அப்படியே ஷாம்புவையும் பெரிய கேன்ல வெச்சிடுங்க" என்றாள் அவள். "வீட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்து பிடிச்சுக்கறோம்."