மாதிரி வீட்டின் ஆள் கணக்கு

எங்கள் மாவட்டத்தில் வெள்ளம் வந்தால் ஒரு துண்டறிக்கைகூட நனையாது. பேரிடர் ஆயத்த அலுவலகத்தில் அவற்றை அவ்வளவு பத்திரமாக மேல்மாடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மக்களுக்குக் கொடுத்தால் தீர்ந்துபோகுமே என்ற கவலை வேறு. அந்த அலுவலகத்தில்தான் என் வீட்டுக்காரர் விழிப்புணர்வு அலுவலர். தெருவில் அவருக்கு சைரன் என்று பெயர். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் அவசர வழி எங்கே என்று கேட்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். இவர், நான், பெரியவள், சின்னவள், இவருடைய அப்பா. மாமா லாரி ஓட்டியவர். ஆயுசு முழுக்கக் கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கூடத்திலிருந்து கழிவறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எங்கள் மாடிப்படியோ குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஆற்றின் கரை எங்கள் கொல்லைப்பக்கம். அது உடைந்தால் மாமாவை எப்படி மேலே கொண்டுபோவது? என் கவலையெல்லாம் இது ஒன்றுதான். மாவட்டத்தின் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த இவரிடம் இதற்கு மட்டும் பதில் கிடையாது.

"அதெல்லாம் ரெண்டாம் கட்டத்துல வருது" என்பார்.

"வெள்ளம் முதல் கட்டத்துலயே வந்துட்டா?"

"உனக்கு எப்பப் பாத்தாலும் கெட்டதுதான் தோணும்."

கெட்டது நடக்கும் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர் சொன்ன வார்த்தை இது.

இப்படி இருக்கும்போதுதான் அலுவலகத்தில் 'மாதிரி வீடு' திட்டம் வந்தது. விசில் ஊதியதும் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு பொருளோடு உயரமான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தேர்வுக் குழு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விழிப்புணர்வு அலுவலர் இருக்கும்போது வேறு எவன் வீடோ மாதிரி வீடு ஆவதா? இவருக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தண்ணீர் கேன். பெரியவளுக்குச் சான்றிதழ் பை. சின்னவளுக்கு மருந்துப் பெட்டியும் ரேடியோவும். டார்ச், கயிறு, பிஸ்கட் எல்லாம் அடங்கிய அவசரப் பையைத் தோளில் மாட்டி, வாயில் விசிலை வைத்துக்கொண்டு இவர் முன்னால் ஓடுவார். பிஸ்கட்டைச் சின்னவள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டு, பாக்கெட்டுக்குள் அட்டையை வைத்து ஒட்டியிருந்தாள். அது எனக்குத் தெரியும். பேரிடர் காலத்தில் அட்டை தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஒத்திகையில் மாமாவும் இருந்தார். இரண்டு படி ஏறினார், மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நாங்கள் கேனும் பையுமாக வரிசையாக நின்றோம்.

"லோடு ஜாஸ்தி. வண்டி மேடு ஏறலடா" என்றார் மாமா.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஒத்திகையிலிருந்து மாமாவுக்கு விலக்கு. "வயசானவர எதுக்கு சிரமப்படுத்தணும்? அப்பா பாட்டுக்கு உக்காந்து பாக்கட்டும்" என்றார். கேட்டால் என்னமோ பாசம் போல இருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வேகமே தனி. விசில் சத்தம் கேட்டதும் கை தானாகக் கேனுக்குப் போகும், கால் தானாகப் படிக்குப் போகும். மேலே போனதும் இவர் விரல் நீட்டி ஆள் எண்ணுவார். நாலு. சரி, இறங்கு. மறுபடியும் விசில். மறுபடியும் நாலு.

தேர்வுக் குழு வந்த அன்று, பெரிய அதிகாரி கூடத்து நாற்காலியில் இருந்த மாமாவைப் பார்த்து, "பெரியவர் யாரு?" என்று கேட்டார்.

இவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் சார். ஒத்திகைய பாக்கணும்னு ஆசையா வந்திருக்கார்."

என் கையில் தண்ணீர் கேன் இருந்தது. அதை அப்படியே இவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். மாமா ஒரு நொடி மகனைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துக் கைகூப்பினார். "ரொம்ப பொறுப்பான குடும்பம் சார். இவங்க பக்கத்துல இருக்கறது எங்களுக்கெல்லாம் தைரியம்" என்றார். நாங்கள் மேலே ஓடி முடித்தபோது கைதட்டியவரும் மாமாதான். பொதுமக்கள் ஆர்வம் என்றால் இதுதான் என்று அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. மாமாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "பெத்த அப்பாவ பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு?"

"வீட்டு ஆளுன்னு சொல்லியிருந்தா அவரும் ஏறணும். நேரம் எகிறிடும். புரிஞ்சுக்கோ."

"விடும்மா" என்றார் மாமா. "பக்கத்து வீட்டுக்காரன்னா நல்லதுதானே. கோவம் வந்தா என் வீட்டுக்குப் போயிடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

வாசலில் 'மாதிரி வீடு' பலகை மாட்டினார்கள். மேல் அறை கண்காட்சி ஆனது. அவசரப் பையில் உள்ள சாமான்கள் ஒவ்வொன்றிலும் இன்னொன்று வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர் எழுதிய அட்டை. கயிற்றுக்கு முன்னால் 'கயிறு'.

மழை பிடித்தபோது மறுபடியும் கேட்டேன். "மழை ஓயற வரைக்கும் மாமாவ மேல படுக்க வைப்போங்க. ஆள் புடிச்சு மெதுவா ஏத்திடலாம்."

"மேல கண்காட்சி இருக்கு. பக்கத்து மாவட்டத்துலேருந்து பாக்க வர்றாங்க."

"ஒரு கட்டில் போட எவ்வளவு இடம் வேணும்?"

"கட்டில் போட்டா பார்வையாளர் நடமாட்டம் பாதிக்கும்."

கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? நான் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். வேறு என்ன செய்ய?

கரை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது, கதவோரம் கிடந்த செருப்புகளைக் கூடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் இவருடைய போனில் அலுவலகத்துச் செய்தி: யாரும் அஞ்சத் தேவையில்லை. பொய் சொல்வானேன், இவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை நாள் அழைத்த விருந்தாளி ஒருவழியாக வந்துவிட்டார். பையை மாட்டினார், விசிலை வாயில் வைத்து ஊதினார்.

ஒத்திகை வீண்போகவில்லை. பெரியவள் பையோடு ஓடினாள், சின்னவள் பெட்டியோடு ஓடினாள். என் கையும் கேனைத் தூக்கிவிட்டது. கூடத்தைத் தாண்டும்போது மாமாவைப் பார்த்தேன். கட்டிலில் கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவே இல்லை. நான் கேனைப் போட்டேன்.

அவர் கையை என் தோளில் போட்டு இழுத்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு இருந்தது, படிக்கட்டு வருவதற்குள் முழங்காலைத் தொட்டுவிட்டது. முதல் படி ஏறினார். இரண்டாவது படிக்குக் கால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்தார். நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. தண்ணீர் அவர் மடியை நனைத்தது.

மேலேயிருந்து விசில். பிறகு இவர் குரல். "ஒரு ஆள் குறையுது! யாரு வரல?"

"அம்மா வரலப்பா" என்றாள் பெரியவள்.

"ஏய், எங்க இருக்க? எல்லாரும் வந்தாச்சு! நீ ஒருத்திதான் பாக்கி!"

கல்யாணமான நாளிலிருந்து இவரிடம் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை இப்படிச் சுட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"இதோ அனுப்பறேன்டா!" என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு என் கையைத் தன் அக்குளிலிருந்து எடுத்துவிட்டு, "போம்மா. நீ போனா கணக்கு சரியாயிடும்" என்றார்.

அதில் குத்தல் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனசாரச் சொன்னார்.

"ரெண்டு பேரு!" என்று கத்தினேன். "ரெண்டு பேரு குறையுதுய்யா! எண்ணத் தெரியாதாய்யா உனக்கு?" அதுவரை இவரை 'நீ' என்று பேசியதில்லை.

மேலே தடதடவென்று காலடி. படித் திருப்பத்தில் வந்து நின்றார். அப்பா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். விசில் இன்னும் வாயில்தான் இருந்தது. அவர் விட்ட மூச்சுக்கெல்லாம் அது கீச்கீச் என்று கத்தியது. அதைத் துப்பினார். தோள் பையைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். இறங்கி வந்து, முதுகைத் திருப்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏறுங்கப்பா."

"முதுகு புடிச்சுக்கும்டா உனக்கு."

"ஏறுங்கப்பா!"

நான் பின்னாலிருந்து தூக்கிக் கொடுத்தேன். மாமாவின் கைகள் இவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. ஒரு படி. மூச்சு. இன்னொரு படி. பாதியில் இவர் நின்றுவிட்டார். உடம்பு குலுங்கியது. கனம் தாங்கவில்லையோ என்று நான் இன்னும் அழுத்தமாகத் தாங்கினேன். கனம் இல்லை. வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"எண்ணினேன்ப்பா... ஒவ்வொரு தடவையும் எண்ணினேன்..."

மாமா ஒரு கையை எடுத்து மகனின் ஈரத் தலையில் வைத்தார்.

"அழாதடா. திருப்பம் வருது, காலப் பாத்து வை."