பகல் பன்னிரண்டு மணி மடை

அன்றைக்கு மூன்றாவது தடவையாகவும் உச்சிப்பொழுதில் மடை திறக்கவில்லை. டேனியல் மடியிலிருந்த லேப்டாப்பை மோட்டார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டான். திரையில் சதுரச் சூரியன் நேர் தலைக்கு மேலே நின்றது. கட்டம் கட்டமாக அடுக்கிய ஏரிக்கரை, அதிலிருந்து இறங்கும் கால்வாய், கால்வாயின் ஓரம் இரண்டு கழனிகள். மேலே இருந்தது கார்த்திக்கின் கழனி. அங்கே மண் ஈரத்தில் கறுத்து, கோதுமை பழுத்து நின்றது. கீழே இருந்தது டேனியலுடையது. மண் வெளுத்துப்போயிருந்தது. விதை போடாமல் விட்ட இடமெல்லாம் உழுத தடமே இல்லாமல் பழைய தரையாக இறுகிவிட்டது.

இந்த விளையாட்டை அவனுக்குப் பழக்கியது கார்த்திக்தான். கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், ஊரே கட்டலாம். அந்த ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதற்குப் புரோகிராமும் எழுதலாம் என்று தெரிந்த அன்றுதான் டேனியலுக்கு இதில் ருசி தட்டியது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையைப் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். படித்த படிப்பை வைத்து அவன் எழுதிய உருப்படியான புரோகிராம் என்றால் இது ஒன்றுதான். ஏரியை வெட்டியது கார்த்திக், மதகுக்கு மூளை கொடுத்தது டேனியல். கரைமேல் கம்ப்யூட்டர். அதில் மூன்று அலாரம். காலை ஆறுக்கு மேல்மடை திறக்கும். பகல் பன்னிரண்டுக்கு அது மூடிக் கீழ்மடை திறக்கும். சாயந்தரம் ஆறுக்கு இரண்டும் மூடிவிடும். சரிபாதி. அந்த வார்த்தையைச் சொன்னதுகூட கார்த்திக்தான். கம்ப்யூட்டருக்கு நீர்க்கட்டி என்று பெயர் வைத்ததும் அவனே. ஊர் ஏரியில் மதகு திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற ஆளுக்கு அதுதானே பெயர்.

அந்த உலகத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் இருபது நிமிஷம். அலாரம் அந்த உலகத்துக் கடிகாரத்தைத்தான் பார்க்கும். அதனால் ஒரு பிழையைத் திருத்தினால் சரியாயிற்றா என்று பார்க்க இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒரு வாரமாக டேனியல் காத்திருந்தான். முதலில் புரோகிராமில் இருந்த தூங்கு என்ற கட்டளையைச் சந்தேகப்பட்டான். தூங்கும் நேரத்தில் அலாரம் அடித்தால் கம்ப்யூட்டரின் காதில் அது விழவே விழாது என்று எங்கோ படித்து, அந்த வரியை எடுத்தான். மடை திறக்கவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். விளையாட்டில் அவனுடைய ஆளைக் கரைமேலேயே காவலுக்கு நிறுத்தினான். மடை திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயந்தரமும், இருட்டும் நேரத்தில், கீழ்மடையிலிருந்து டக் டக் என்று இரண்டு சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மடை மூடியிருக்கும். பகல் அலாரம் எங்கே ஊர் சுற்றிவிட்டு வந்து சாயந்தரம் அடிக்கிறது என்று யோசித்து யோசித்து, ஜெராக்ஸ் கடையில் ஒருவருடைய ரேஷன் கார்டை ஐந்து காப்பிக்குப் பதில் பதினைந்து காப்பி போட்டு வசவு வாங்கினான்.

"இன்னாடா, இன்னுமா அதையே நோண்டிக்கினு கீற?" என்றான் கார்த்திக். அவன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்திருந்தான். வயிற்றின்மேல் அவனுடைய லேப்டாப். கார்த்திக் வீட்டு வைஃபை இந்தக் கொட்டகை வரைக்கும் எட்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு பேரும் இங்கேதான் உட்காருவார்கள். வீட்டுக்குள்ளே ஏசி போட்ட அறை இருந்தது. அங்கே உட்காரலாம் என்று இருவரில் ஒருவரும் சொன்னதில்லை.

"பன்னண்டு அலாரம் மட்டும் அடிக்கல. மத்தது ரெண்டும் ஒயிங்கா அடிக்குது."

"வுட்றா. இன்னொரு நாளிக்குப் பாத்துக்கலாம்."

டேனியலுக்கு விட மனம் வரவில்லை. புரோகிராமை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான். இத்தனை நாளும் கஷ்டமான இடங்களையே தோண்டிக்கொண்டிருந்தவன், சுலபமான இடத்துக்குக் கண்ணை ஓட்டியதே இல்லை. தான் எழுதிய எண்தானே என்ற நினைப்பு. முதல் அலாரம், ஆறு. இரண்டாவது அலாரம், பதினெட்டு. மூன்றாவதும் பதினெட்டு. பதினெட்டு என்றால் சாயந்தரம் ஆறு மணி. அப்போதுதான் கீழ்மடை திறக்கிறது, அதே நொடியில் மூடுகிறது. டக் டக்.

அவன் லேப்டாப்பைக் கார்த்திக் பக்கம் திருப்பினான்.

"கார்த்தி, பன்னண்ட யாரு பதினெட்டா மாத்துனது?"

கார்த்திக் தலையைத் தூக்கவில்லை. "நான்தான். சொல்லல?"

"இல்ல."

"என்து பெரிய கழனிடா. பன்னண்டுக்கு மூடுனா பாதிதான் நனையிது. அதான் தள்ளி வெச்சேன்."

"அப்ப என்துக்குத் தண்ணி?"

"மேல பாஞ்சி மீந்தா கீய வரும். நம்ம ஏரிலயும் அப்டித்தானே கீது. நானா புதுசா கண்டுபுடிச்சேன்?"

அவன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் டேனியலுக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம். இருபது இருபது நிமிஷமாக ஒரு வாரம். தன் மூளையில் கோளாறு, தன் படிப்பில் கோளாறு என்று நினைத்த ஒரு வாரம். பக்கத்திலேயே சாக்கில் படுத்துக்கொண்டு இவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நான் தெனம் இத்த நோண்டிக்கினு கீறத பாத்தியா இல்லியா?"

"நீ வேற இன்னாத்தையோ சரி பண்றேன்னு நெனச்சேன். டேய், கேம்டா இது. இன்னாத்துக்கு மூஞ்ச அப்டி வெச்சிக்கினு கீற? ஒரு பக்கெட்டு எடுத்தாந்து ரெண்டு கட்டத்துல ஊத்திக்கோ. நீ கேட்டா நானே மொண்டுகினு வந்து ஊத்துறேன்."

அது நிஜந்தான். அந்த உலகத்தில் இரண்டு பக்கெட் ஊற்றினால் வற்றாத ஊற்று ஆகிவிடும். கழனி நனைந்துவிடும், கோதுமை வளர்ந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் டேனியலிடம் இல்லை. இதற்கு மேல் பேசினால் சண்டை ஆகிவிடும். கேமுக்குப் போய்ச் சண்டை போட்டான் என்று ஊரில் சிரிப்பார்கள். கார்த்திக்கின் அப்பா தாமோதரனுடைய கழனியில்தான் டேனியலின் அப்பா பீட்டர் இன்றைக்கும் வரப்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

பதினெட்டை அழித்தான். பன்னிரண்டு என்று அடித்தான். புரோகிராமை மறுபடி ஓடவிட்டான்.

தன் திரையில் அதைப் பார்த்த கார்த்திக் எழுந்து உட்கார்ந்தான். "நான் திரும்ப மாத்துவேன்."

"மாத்து. நானும் மாத்துவேன்."

"சீரியஸாவா?"

விளையாட்டில் கார்த்திக்கின் ஆள் மெதுவாக நடந்துவந்து கரைமேல் ஏறிக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றது. டேனியலின் ஆளும் நகரவில்லை. இரவு ஓடி முடிந்தது. காலை ஆறுக்கு மேல்மடை டக்கென்று திறந்து, தண்ணீர் மேல் கழனிக்கு ஓடியது.

வெளியே வரப்பிலிருந்து தாமோதரன் குரல் கொடுத்தார். "டேனி, தண்ணி ரொம்பிச்சி. மோட்டார நிறுத்து."

வேறு நாளாக இருந்தால் அவர் சொல்லி முடிப்பதற்குள் டேனியலின் கை ஸ்டார்ட்டரில் இருக்கும். கார்த்திக் அவனைப் பார்த்தான். ஸ்டார்ட்டர் பெட்டி கார்த்திக்கின் தலைக்கு மேலேதான் இருந்தது. எட்டினால் அவன் கைக்கே படும்.

"டேனி, காது கேக்கல?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே தொட்டியிலிருந்து தண்ணீர் கனமாக விழுகிற சத்தமும், வரப்பை மீறி எங்கோ வழியத் தொடங்கிய சன்னமான சத்தமும் சேர்ந்து கேட்டன. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு திரையிலும் சதுரச் சூரியன் ஒரே சமயத்தில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.