கிரானிஸுக்கு முடி காணிக்கை

கிரானிஸை நதி என்று சொல்ல ஆரஞ்சுத் தோட்டக்காரி ஸ்தமாத்தாவுக்கு வாய் வராது. மலையடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி, பாதி வழியில் ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போய், ஊருக்கு மேலே மறுபடி தலைகாட்டி, கடலோரச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஓடை அது. பழங்காலப் பயணி ஒருவர் அதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவைத்தாராம். அந்த வரியைப் படித்ததிலிருந்து ஊர்த்தலைவர் அனார்கிரோஸுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த வாலிபர்கள் முடி வெட்டி நதிக்குக் கொடுப்பார்கள் என்று சொல்லி, அந்தச் சடங்குக்கு ஏதென்ஸிலிருந்து பெரிய மனிதர்களை அழைத்துவிட்டார். அதுவும் ஆகஸ்டில். ஆகஸ்டில் தண்ணீர் முழுவதும் முறைவைத்து ஆரஞ்சுத் தோட்டங்களுக்குள் போய்விடும், ஆற்றில் வெறும் கூழாங்கல்தான் என்பது இந்த ஊரிலேயே பிறந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

சடங்கன்று ராத்திரிவரை தண்ணீர் முறை ஸ்தமாத்தாவுடையது. காலையிலேயே கோட்டும் டையுமாகத் தோட்டத்து மடையில் வந்து நின்றார் தலைவர்.

"அக்கா, கொஞ்ச நேரம் மடையை அடைச்சிடுங்க. தண்ணி ஆத்துல போகட்டும்."

"காஞ்ச கல்லு குடிச்சது போக உன் சடங்கு நடக்கிற எடத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள என் முறையே முடிஞ்சிடும். அடுத்த முறைக்குள்ள பிஞ்செல்லாம் உதிர்ந்துடும். நீ வந்து ஒட்டவைப்பியா?"

"மூவாயிரம் வருஷத்து வரலாறுக்கா!"

"மூவாயிரம் வருஷமும் ஆகஸ்ட்ல காஞ்சுதானே கெடக்குது? அதை உன் வரலாத்துல எழுதலையா?"

"ஊர் மானம் போயிடும்."

"உன் மானத்துக்கு என் மரம் காயணுமா? போடா."

சாயங்காலம் பழங்கால உடை என்று படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்ட நாலு வாலிபர்கள் கூழாங்கல் மேல் நின்றார்கள். விருந்தாளிகளில் ஒரு பேராசிரியர், "நதி எங்கே?" என்று கேட்டார். யாரோ மேலே கைகாட்ட, கூட்டம் முழுவதும் புழுதியில் ஏறி ஸ்தமாத்தாவின் தோட்டத்துக்கே வந்துவிட்டது. அவள் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

தலைவர் கத்தரிக்கோலோடு முன்னால் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "அக்கா… ஒரு கைப்பிடி முடிதான். போட்டுக்கட்டுமா?"

"மடை வாயில போட்டா அடைச்சுக்கும்."

"வேற எங்கதான் போடறது?"

ஸ்தமாத்தா வாலிபர்களின் போர்வையையும் தலைவரின் பளபளப்பான ஷூவையும் பார்த்தாள்.

"கடைசிப் பாத்தியில கொட்டிட்டுப் போ. எருவாவது ஆகட்டும். வரப்பை மிதிக்காதே."

தலைவர் சேற்றில் இறங்கினார். அவள் அடுத்த பாத்திக்கு வாயை வெட்டிவிடப் போனாள்.