தள்ளுபடியில் ஒரு சிரிப்பு

பேய்க்குக்கூடத் தள்ளுபடி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இங்க பாருங்க. அம்மா பேய்க்குக் குரல் குடுத்த கேம். பழைய 'ஈரச் சுவர்கள்' மூணு பாகத்தையும் புதுப்பிச்சு விட்டிருக்காங்க, சேர்த்து வாங்கினா பாதி விலைக்கும் கீழ. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். வாங்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். திரியைக் கொளுத்திப் போட்டுவிட்டு நழுவுவதில் அவள் அப்படியே அம்மா மாதிரி.

திரையில் ஒரு பாழடைந்த மாளிகை. அதன் மாடிச் சாளரத்தில் வெளிறிய உடையில் ஒரு பெண். உருவம் யாரோ வரைந்தது. குரல் அவர் மனைவியுடையது. அந்தக் குரல் இப்போது அந்த மாளிகையைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதுதான் விஷயம்.

அவர் ஒலிப்பதிவாளர். மனைவி பின்னணிக் குரல் கொடுப்பவள். ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர் என்று பாதி வாழ்க்கை ஓடியது. பிறகு அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை உயிரைத் திருப்பிக் கொடுத்தது, குரலைக் கொடுக்கவில்லை. இப்போது அவள் பேசினால் காற்று மட்டும் வரும். பக்கத்தில் நின்றால் புரியும்.

தொண்டைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவர் ஒரு தீர்மானம் செய்தார். தான் இருந்த இடத்திலிருந்து கூப்பிட்டால் அவளும் பதிலுக்குக் கத்தப் பார்ப்பாள். ஆகவே எது சொல்வதானாலும் அவள் அருகில் போய், மெல்லத்தான் சொல்வார். "சாப்பிடறியாம்மா?" "தூக்கம் வருதாம்மா?" நாளடைவில் மகளும் அப்படியே பழகிவிட்டாள். வீடே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனசுதான். நல்ல மனசு செய்கிற கெடுதலுக்குத்தான் இந்த உலகத்தில் கேள்வி கேட்பாரே கிடையாது.

அவருக்கு அந்த விளையாட்டு எதற்கு? அலறல் வேண்டாம், முனகல் வேண்டாம். அந்தச் சிரிப்பு வேண்டும்.

அது பிறந்த கதை கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான புதிது. மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று வேலையிடத்தில் இருவரும் 'சார்', 'மேடம்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். யாரும் ஏமாறவில்லை, அது வேறு. அன்று காலை முழுக்கப் பேய்ச் சிரிப்பு சரியாக வரவில்லை. "பயமுறுத்தாதீங்க மேடம். பேய் சந்தோஷமா சிரிக்கணும், அதுலதான் பயமே இருக்கு" என்று இயக்குநர் உயிரை வாங்கினார். அவளும் விதவிதமாகச் சிரித்துப் பார்த்து அலுத்துப் போனாள். அவளுடைய ஹெட்போன் ஒயரைச் சரிசெய்ய அவர் உள்ளே போனார். போனவர் அதே ஒயரில் கால் சிக்கி, மைக் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு தடாலென்று விழுந்தார். விழுந்த ஆத்திரத்தில் என்னவோ கத்தினார். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல், மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவர் இன்னும் கத்தினார்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் வெளியே வந்து, தான் கத்தியதை வெட்டி எறிந்துவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துப் போட்டுக் காட்டினார். இயக்குநர் துள்ளிக் குதித்தார். அவ்வளவு சுத்தமான வெட்டு என்பதால் அன்றிலிருந்து கூடத்தில் அவருக்குக் 'கத்தரி' என்றே பெயர். அவளுக்குப் 'பேயம்மா'. ஊர் பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார்கள். ஒரு மனுஷன் தரையில் விழுந்ததற்காகச் சிரித்த சிரிப்பு அது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மதியம் கண்ணை மூடினால் அந்த மாளிகையில் நடந்துகொண்டிருந்தார். தரை பஞ்சுபோல அமுங்கியது. சுவர்களில் ஈரம் வழிந்தது, தொட்டால் கை நனையவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தார். ஒரு அறையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு அறையில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கதவுக்குப் பின்னால் அவள் இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கைப்பிடியைத் தொட்டதும் விழித்துக்கொண்டார். சன்னல் திரை காற்றில் உப்பித் தணிந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கனவு?" என்று காற்றால் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார், அதைவிட மெல்ல.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பிழைத்து வந்து, எதிரே உட்கார்ந்து, தன் சட்டையை மடிக்கிறவளை வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருக்கிற பேயைத் தேடிப் போகிற மனிதனை என்னவென்று சொல்வது? வாங்கினால் அவளுக்குத் தெரியாமல் கேட்க வேண்டும். தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? 'இவருக்கு நான் போதவில்லை, அவள்தான் வேண்டியிருக்கிறது' என்று நினைக்க மாட்டாளா? வாங்காமல் விட்டால், இனி அந்தச் சிரிப்பைக் கேட்காமலே ஒருநாள் மறந்துபோவோமோ என்றும் பயம். இப்போதே அது எப்படித் தொடங்கும் என்று நினைவிருந்தது, எப்படி முடியும் என்பது நழுவிக்கொண்டிருந்தது. அவளிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம். கேட்கவில்லை. மதில் மேல் பூனையாகவே ஞாயிறும் விடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். வேண்டாம். உயிரோடு இருப்பவள் பக்கம் நிற்பதுதான் நியாயம். கை சும்மா இருக்காது என்று பயந்து, வீட்டைவிட்டே கிளம்பினார். தெருக்கோடி வரை நடந்தார். மூடியிருந்த கடைகளின் கண்ணாடிகளில் தன் உருவம் கூடவே மிதந்து வருவதைப் பார்த்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நேரம் கடந்திருக்கும் என்று தோன்றியதும் திரும்பினார். மனசு லேசாகவில்லை. துக்கமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அழுகையே வந்தது.

வீட்டுக் கூடத்தில் மனைவி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் அவருடைய ஹெட்போன். திரையில் அந்த மாளிகையின் படிக்கட்டு.

அவர் ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்தார். "என்னம்மா இது?"

அவள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "எனக்கும்தான் காட்டிட்டுப் போனா உங்க பொண்ணு. நீங்க முடிவு பண்றதுக்குள்ள பேய்க்கே நரைச்சிடும்னு நானே வாங்கிட்டேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"உக்காருங்க. கேளுங்க."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டாள். அம்புக்குறியை அழுத்தி, படியேறி, ஒரு கதவைத் திறந்தாள். சிரிப்பு வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதேதான். அதே மூச்சு முட்டல், அதே நடுவில் வருகிற ஒரு விக்கல். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. சிரிப்பு தேய்ந்து முடிகிற இடத்தில், அதற்கு அடியில், தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு ஆண் குரல் கேட்டது. பழைய ஒலியைத் துலக்கிப் புதுப்பித்தவர்கள் அவருக்கே தெரியாமல் கிடந்ததையும் துலக்கிவிட்டிருந்தார்கள்.

"சிரிக்காதடி கழுதை!"

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவருடைய குரல்தான். தொண்டை கிழிய, தெம்பாக, கோபமும் ஆசையுமாக. சார் மேடமெல்லாம் பறந்துபோன குரல். சிரிப்போடு பின்னிக் கிடந்ததால் கத்தரிக்குச் சிக்காமல் தப்பியிருக்கிறது.

"ஐயோ, சரியா வெட்டலையே" என்றார். தொழில் புத்தி எங்கே போகும்?

"இதுக்காகத்தான் உங்களைக் கேக்கச் சொன்னேன்" என்றாள் அவள். "காலையிலேயே வாங்கிட்டேன். நீங்க குளிக்கிறப்ப ஒரு தடவை, கடைக்குப் போனப்ப ஒரு தடவை, திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருக்கேன்."

"நான் உன் சிரிப்புக்காகன்னு..."

"என் சிரிப்பு எனக்கு எதுக்கு? அது போச்சு, அழுது தீத்துட்டேன். உங்களுக்கு என்ன ஆச்சு?" அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "தொண்டையில கத்தி வச்சது எனக்குத்தானே?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வழக்கம்போல முணுமுணுப்புத்தான் வந்தது. அது அவருக்கே கேட்டது. இத்தனை நாளாக இந்த வீட்டில் குரல் போனது இரண்டு பேருக்கு என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் காத்திருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம்.

அவர் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து நின்றார். வழக்கம்போலச் சமையலறை வாசலுக்குப் போகக் கால் எடுத்தார். போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

"ஏய்! பேசிட்டிருக்கும்போதே எங்கடி எழுந்து போற?"

மாடி வீட்டில் சன்னல் திறந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. பதில் சொல்லப் பார்த்து அவள் தொண்டையைக் கெடுத்துக்கொள்வாளோ என்று பழைய பயம் எட்டிப் பார்த்தது.

சமையலறையிலிருந்து பதிலுக்குக் கரண்டியால் பாத்திரத்தை ஓங்கித் தட்டுகிற சத்தம் வந்தது. ஒருமுறை இல்லை, மாற்றி மாற்றி, நிறுத்தாமல், காது கிழிகிற மாதிரி.