பழப்புளி போட்ட காசு

செலீன் அந்தக் குட்டி வெண்கலக் காசைப் பழப்புளிக்குள் அமத்தி, இரும்பு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் கணவர் நீக்கிலாஸ் மூச்சுக்குத் தவித்தபடி கிடந்தார். இன்றோ நாளையோ என்று நேர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பழைய ரோமாபுரிக் காசென்றால் மனிசனுக்குப் பைத்தியம். மண் அப்பியதாகப் பார்த்து மலிவாக வாங்குவார். தயிர் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி, மண் தானாகக் கழரும்வரை மாதக்கணக்காக ஊறப்போடுவார். குசினி ஜன்னலடி முழுக்க அந்த டப்பாக்கள்தான். செலீன் திட்டாத நாளில்லை.

கடைசியாக வாங்கிய காசில் ஒரு ராசாவின் முகம் இருக்கிறதாம், கண்ணை மூடமுதல் அதைப் பார்த்துவிட வேண்டுமாம். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். மனிசனுக்கே நேரமில்லை, இனிக் காசை ஊறவிட்டுக்கொண்டா இருப்பது? மாதா சுருவத்தடிப் பித்தளை விளக்கை ஒவ்வொரு பெருநாளுக்கும் புளி போட்டுத்தானே மினுக்குகிறாள்!

காசு பளபளவென்று வந்தது. ஓடிப்போய் அவர் கையில் வைத்தாள்.

நீக்கிலாஸ் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு பெருவிரலால் தடவினார்.

"முகம் தெரியுதோ?" என்றாள்.

"ஓம். வடிவாய்த் தெரியுது." அவள் கையைத் தேடிப் பிடித்தார். "நீர் காட்டினபடியால்தான் பாத்தன்."

அன்று பின்னேரமே போய்விட்டார்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், அவரோடு காசு சேர்த்த கிளிபோட் வந்ததும் செலீன் காசை முடிந்திருந்த கைலேஞ்சியை அவிழ்த்துக் காட்டினாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார், அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடப்போகிறேன் என்றாள். கிளிபோட் காசை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பினார். எப்படி மினுக்கியது என்று கேட்டார். சொன்னாள். அவர் முகம் கறுத்துப்போனது. மழுப்பப் பார்த்தவரைச் செலீன் விடவில்லை.

"முகம் அந்தப் பச்சைக் களிம்பிலைதான் இருக்கும் அக்கா. அது போனால் முகமும் போயிடும். இப்ப இது வெறும் தகடு."

"அவருக்கு இது தெரியுமோ?"

கிளிபோட் பெட்டிப் பக்கம் பார்த்தார். "அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தது."

காசை அவர் பையில் வைக்கச் செலீனுக்குக் கை வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் மெலனி குசினியை ஒதுக்கத் தொடங்கினாள்.

"அம்மா, இந்த டப்பாவெல்லாம் கார்பேஜ்லை போடட்டா?"

"விடு பிள்ளை."

கறுப்புச் சீலையோடேயே செலீன் ஒரு டப்பாவின் மூடியைத் திறந்தாள். காசுகள் புரளாமல் கலங்கல் தண்ணீரை மெல்ல வடித்தாள். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.