யார் எடுத்த புத்தகம்

நான் சாயப்பட்டறையில் நர்ஸ். தொழிலாளர்களின் கைகளில் கிளம்பிய கொப்புளங்கள் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. மேலாளரிடம் சொன்னால், "சோப்பு ஒத்துக்கலை போல" என்று தட்டிக்கழித்தார். நூலகத்திலிருந்து ரசாயன நஞ்சுகள் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்து படித்தேன். எங்கள் பட்டறையின் சாயப் பீப்பாய்களில் ஒட்டியிருந்த ரசாயனத்தின் பெயர் அதில் இருந்தது. புத்தகத்தின் பெயர், பக்க எண்ணோடு செய்தித்தாளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். அது அச்சில் வந்ததும் முதலாளி அவதூறு என்று போலீசுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர்.

நூலகரை எல்லாரும் 'உஷ் அக்கா' என்போம். பேனா கீழே விழுந்தால்கூட முறைப்பார். அன்றைக்கு அவர் குரல்தான் கூடம் முழுக்கக் கேட்டது.

"அந்தப் புத்தகத்தை யாரு எடுத்தாங்கன்னு சொல்ல முடியாதுங்க."

"நாங்க போலீஸ்மா."

"சட்டையைப் பார்த்தாலே தெரியுதே. கோர்ட் உத்தரவு இருக்கா?"

"ஒரு பேருக்கு எதுக்கு கோர்ட்டு? கம்ப்யூட்டரை இப்படித் திருப்புங்க."

அக்கா திரையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "யாரு என்ன படிக்கிறாங்கங்கிறது அவங்க சொந்த விஷயம். உத்தரவு கொண்டுவாங்க, அதுல கேட்டிருக்கிறதைத் தரேன். இப்ப ஒரு எழுத்துகூடத் தர மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் பையின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டேன். "வேலைக்கு உலை வெச்சுக்காதீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் முறை வந்தது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தேன். அக்கா அதன் அட்டையைப் பார்த்தார்; என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போலப் பதிந்துகொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார். 'திருப்பிய புத்தகங்களுக்கு வாசகர் பெயர் வைத்திருப்பதில்லை' என்று மேஜையில் ஒட்டியிருந்த அறிவிப்பை அன்றைக்குத்தான் படித்தேன்.

இன்ஸ்பெக்டர் கேட்ட உத்தரவை நீதிபதி தரவில்லை. தொழிலாளர் நலத்துறை ஆட்கள் வந்து பீப்பாய்களை அப்புறப்படுத்தினார்கள். கொப்புளங்கள் காயத் தொடங்கின.

அதற்குப் பிறகு ஒருநாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அக்காவிடம் போனேன். "அந்தக் கடிதம் எழுதினது நான்தான்கா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நான் கேட்டேனா? என்கிட்ட எதுக்கும்மா சொல்றே?" என்று கடிந்துகொண்டார். "உனக்காகச் செய்யலை. யாரு எடுத்திருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்."

என் மேல் இரக்கப்பட்டு அன்றைக்குக் காப்பாற்றினார் என்றே நினைத்திருந்தேன். முகம் தெரியாத யாருக்காகவும் அப்படியே நின்றிருப்பார் என்று கேட்டதும் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு போனப்புறம் என் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு தெரியுமா? நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுதான் உன் புத்தகத்தையே வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.